பாசறை தந்த பாடம்

கல்வி ஏட்டோடு முடிவதன்று. கற்றவன் பிறரோடு கூடி வினையாற்றவும், வேண்டுமிடத்து முன்னின்று நடத்தவும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வாற்றலை வளர்க்கும் நோக்குடனேயே, கடேற் படை என வழங்கும் மாணவர் படை பள்ளிகளில் இடம்பெற்றது. அதன் பாசறைகள் உண்மையில் எதனைக் கற்பித்தன என்பதை வரலாற்று வழிநின்று ஆராய்தல் பயனுடைத்து.

இலங்கையில் இப்படை 1881ஆம் ஆண்டில் கொழும்பு றோயல் கல்லூரியில், அதன் அதிபர் ஜோன் கல் என்பாரின் முயற்சியால் தோன்றிற்று. பின்னர் 1902இல், பள்ளிப் படைகள் இலங்கை இலகு காலாட்படையோடு இணைந்த ஓர் அணியாக அமைந்தன. ஊவா மலைநாட்டின் தியத்தலாவை, காலப்போக்கில் அவற்றின் ஆண்டுப் பாசறைக்குரிய களமாயிற்று.

அக்களத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் வீரர் ஏறத்தாழ 5,000 பேரை ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டு முதல் தியத்தலாவையிலே சிறைவைத்தனர். சிறைக்கென எழுந்த முகாமே பின்னர்ப் பயிற்சிக் களமாக மாறியது. அதே போரில், மாபெக்கிங் என்னும் ஊர் 217 நாள் முற்றுகைக்குள்ளானபோது, அவ்வூர்ச் சிறுவர் படையாகத் திரட்டப்பட்டுச் செய்தி கொண்டு செல்லல் முதலிய பணிகளை ஏற்றனர். பொறுப்பை நம்பி ஒப்படைத்தாற் சிறுவரும் அதனைச் செவ்வனே நிறைவேற்றுவர் என்பதை, ஊரைக் காத்த பேடன் பவல் அங்குக் கண்டார். 1907இல் பிறவுண்சித் தீவில் அவர் நடத்திய பாசறையிலே, சிறுவர் சிறு அணிகளாகப் பகுக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவனானான். சாரணர் இயக்கம் இவ்வாறு பிறந்தது. தகுதியை ஆராய்ந்து வினையை ஒருவன்பால் விட்டபின், அதனை அவனுக்கே உரியதாக்குக என்னும் கருத்தை வள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரத்தில் முன்னரே வகுத்துள்ளார்.

மாணவர் படைப் பாசறையின் உயிர்நாடியும் இதுவே. கூடாரத் தூய்மை, காலந்தவறாமை, நோயுற்ற தோழனின் நலம் ஆகியவற்றுக்கு அணித்தலைவனான மாணவன் விடையிறுக்க வேண்டும். நேற்றுவரை ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவர்க்கு இன்று ஆணையிடுவது எளிதன்று. உரத்த குரல் ஒரு நாளைக்கு உதவும். மறுநாள் தன் நடத்தையே துணையாதல் வேண்டும். ஆகவே, பாசறையில் மிகுதியாகக் கற்பவன் கற்பிக்க வந்த தலைவனேயாவான்.

யாழ்ப்பாண மாணவருக்கு மேலும் ஒரு பயன் இருந்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபின், பொல்காவலையில் வண்டி மாறி மலைநாடு செல்லுதல் எளிதாயிற்று. பனையும் கடலும் கண்டு வளர்ந்தவர், தேயிலைச் சரிவுகளின் குளிரிலே வேற்றுமொழி பேசும் மாணவரோடு கலந்து பழகும் வாய்ப்பினைத் தியத்தலாவை அளித்தது.

எனினும், கட்டாயத்தால் இப்பயன் விளையுமா? இந்தியா 1948இல் தேசிய மாணவர் படையைச் சட்டத்தால் நிறுவியது. சீனப் போரின்பின் 1963இல் அப்பயிற்சியைக் கட்டாயமாக்கி, 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விட்டது. அணிவகுப்பைக் கட்டளையால் நடத்தலாம். பொறுப்புணர்ச்சியைக் கட்டளையாற் பிறப்பித்தல் இயலாது என்பதை இம்மாற்றம் எண்ணச் செய்கின்றது.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா மேலும் கூர்மையானது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே பள்ளிப் பருவத்தினரும் படைக்கலம் ஏந்த நேர்ந்தது. சீருடையணிந்த மகனைக் கண்டு நெஞ்சு நடுங்கிய தாயர் இம்மண்ணில் இன்றும் உளர். 1990இல் அறுந்த புகையிரதத் தொடர்பு 2014இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. உள்ளத்து அச்சமோ அத்துணை விரைவில் அகலுவதன்று. அதனைப் பேதைமையெனத் தள்ளுதல் முறையாகாது.

ஆதலின், இளைஞர் பாசறை அமைப்போர் பயிற்சியின் உயிரையும் உடலையும் பிரித்தறிதல் கடன். துப்பாக்கியும் அணிநடையும் உடல். நம்பி ஒப்படைத்தலும், ஒப்படைத்ததைக் காத்தலும் உயிர். சிறைமுகாமாக இருந்த நிலம் பயிற்சிக் களமாக மாறியதுபோல, பாசறை என்னும் சொல்லும் இங்கு அச்சம் நீங்கி அன்பொடு வழங்குமாறு செய்தல் ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் யாவர்க்கும் உரிய பணியாகும். பெற்றோர் மனமுவந்து அனுப்பும் பாசறையே பிள்ளைகளைத் தலைவராக்கும்.