கான்டூரிங் ஒப்பனை

கான்டூரிங் என்பது தோலின் நிறத்தைவிடச் சற்றுக் கருமையான பூச்சினால் முகத்தில் நிழல் போன்ற தோற்றத்தையும், வெளிறிய பூச்சினால் ஒளி பட்டது போன்ற தோற்றத்தையும் ஏற்படுத்தி, முகத்தின் வடிவத்தை மாற்றிக் காட்டும் ஒப்பனை முறையாகும். தமிழில் இதனை நிழலொப்பனை எனலாம். கன்ன எலும்பை எடுப்பாகவும், மூக்கை ஒடுக்கமாகவும், தாடையைக் கூர்மையாகவும் காட்டுவதற்கு இது பயன்படுகிறது. கருமையான பூச்சும் வெளிறிய பூச்சும் ஒரே பெட்டியில் அடங்கிய தொகுப்பு கான்டூர் தொகுப்பு எனப்படுகிறது. இத்தகைய தொகுப்புகள் மிகக் குறைந்த விலையிலிருந்து மிக உயர்ந்த விலை வரை விற்கப்படுகின்றன.

செயற்படும் விதம்

ஒளி மேலிருந்து வருகிறது என்று கொண்டே மனித மூளை பொருள்களின் மேடு பள்ளத்தைக் கணிக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1988 இல் வெளியிட்ட ஆய்வு இதனை எளிய வட்டங்களைக் கொண்டு விளக்கியது. மேற்பகுதி வெளிறியும் கீழ்ப்பகுதி கருத்தும் உள்ள வட்டம் மேடாகத் தோன்றும். அதே வட்டத்தைத் தலைகீழாக்கினால் பள்ளமாகத் தோன்றும். கன்ன எலும்பின் மேல் வெளிறிய பூச்சும் அதன் கீழ் கருமையான பூச்சும் இடுவது இவ்வடிப்படையிலேயே ஆகும்.

இதன் எல்லையும் இதிலேயே அடங்கியுள்ளது. முகத்தில் வரையப்பட்ட நிழல் இடம் மாறாது. உண்மையான நிழலோ ஒளி வரும் திசைக்கேற்ப மாறும். நேர்முக ஒளியில் எடுத்த ஒளிப்படத்தில் சிறப்பாகத் தெரியும் ஒப்பனை, பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அழுக்குப் படிந்தது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

ஒளி மங்கிய அரங்குகளில் தொலைவில் அமர்ந்திருப்போருக்கும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மேடை நடிகர்கள் நெடுங்காலமாக நிழலும் ஒளியும் தீட்டி வந்தனர். திரைப்படத்துக்கேற்ற ஒப்பனையை உருவாக்கியவர்களுள் போலந்தில் பிறந்து 1904 இல் அமெரிக்காவில் குடியேறிய மாக்ஸ் ஃபாக்டர் முதன்மையானவர். மேடைக்குரிய தடித்த பூச்சு அண்மைக் காட்சிகளில் வெடித்துத் தெரிந்ததால், 1914 இல் அவர் மெல்லிய களிம்பு வகையை உருவாக்கினார். அக்காலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராததால், சிவந்த உதடுகளும் கன்னங்களும் கருமையாகப் பதிந்தன. நிறமற்ற அப்படங்களில் முக அமைப்பைக் காட்ட ஒளியும் நிழலுமே துணையாயின.

பிற்காலத்தில் கெவின் அக்குவான் (1962–2002) என்னும் அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் 1997 இல் வெளியான "மேக்கிங் ஃபேசஸ்" நூலின் வழியாக இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தார். பெண் வேடமிடும் டிராக் கலைஞர்களும் இதனை வளர்த்தெடுத்தனர். 2012 இல் கிம் கர்தாசியான், பூச்சுகள் கலக்கப்படாத நிலையில் கோடுகளுடன் இருந்த தமது முகத்தின் படத்தை வெளியிட்டதைத் தொடர்ந்து இது உலகெங்கும் பரவியது.

தொகுப்புகளும் விலையும்

அனஸ்டேசியா பெவர்லி ஹில்ஸ் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ஆறு நிறத் தூள் தொகுப்பு 40 டாலருக்கும், கர்தாசியானின் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட களிம்புத் தொகுப்பு 48 டாலருக்கும் விற்கப்பட்டன. அதே காலத்தில் எல்ஃப், வெட் அன் வைல்டு போன்ற நிறுவனங்கள் இவற்றில் ஒரு சிறு பங்கு விலைக்கே தொகுப்புகளை விற்றன. 2004 இல் தொடங்கப்பட்ட எல்ஃப் தொடக்கத்தில் பல பொருள்களை ஒரு டாலருக்கே விற்றது.

மூலப்பொருள்களைப் பொறுத்தவரை இருவகைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. டால்க் எனப்படும் மாக்கல் தூள், மைக்கா, சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், டைட்டானியம் டைஆக்சைடு, தூளை இறுக்கிப் பிடிக்கும் சேர்மங்கள் ஆகியவையே பெரும்பாலான தூள் தொகுப்புகளில் உள்ளன. தூள் அரைக்கப்படும் நுண்மை, நிறமியின் அளவு, இறுக்கும் முறை, பெட்டி, விளம்பரம் ஆகியவற்றிலேயே வேறுபாடு அமைகிறது. சரியாக இறுக்கப்படாத தூள் தூரிகை பட்டவுடன் உதிரும். நிறமி குறைந்த தூளைப் பலமுறை பூச வேண்டியிருக்கும். எனினும் பழகுவோருக்கு இது ஒருவகையில் நன்மையே, ஏனெனில் பிழை எளிதில் வெளித்தெரியாது.

ஒரு தொகுப்பை மதிப்பிடல்

* நிறச்சாயல்: நிழல் என்பது ஒளிக் குறைவே ஆகையால், கருமைப் பூச்சு சற்றுச் சாம்பல் கலந்த பழுப்பாக இருத்தல் வேண்டும். செம்பழுப்பான பிரான்சர் வெயில் பட்ட நிறத்தைத் தருமேயன்றி நிழலைத் தராது.
* மினுக்கம்: கருமைப் பூச்சில் மினுக்கம் இருத்தல் கூடாது. மினுங்கும் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நிழல் கெட்டுவிடும்.
* கருமையின் அளவு: தோலைவிட ஒன்று அல்லது இரண்டு படி கருமையான நிறம் போதுமானது. இதனைத் தாடை ஓரத்தில் பூசிப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடையின் விளக்கொளி ஏமாற்றக்கூடும்.
* ஒவ்வாமை: முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஓரிரு நாள் கழித்து அரிப்போ தடிப்போ இல்லை என்று உறுதிசெய்த பின்னரே முகத்தில் பூசுதல் நன்று.

பூசும் முறை

ஃபவுண்டேஷன் பூசிய பின்னர், காதின் நடுப்பகுதியிலிருந்து வாயோரத்தை நோக்கிக் கன்ன எலும்பின் கீழாகக் கருமைப் பூச்சு இடப்படுகிறது. அது கன்னத்தின் பாதியிலேயே நிறுத்தப்பட வேண்டும். நெற்றியின் ஓரங்கள், தாடையின் கீழ்ப்புறம், மூக்கின் இருபுறங்கள் ஆகியவை ஏனைய இடங்களாகும். வெளிறிய பூச்சு கன்ன எலும்பின் மேலும், மூக்குத்தண்டிலும், நெற்றி நடுவிலும் இடப்படுகிறது. பின்னர் விளிம்புகள் தெரியாதவாறு தூரிகையால் கலக்கப்படுகின்றன. களிம்பைத் தூளுக்கு முன்னரே பூச வேண்டும். தூளின் மீது களிம்பு திட்டுத் திட்டாகப் படியும்.

கருநிறத் தோலும் தொகுப்புகளும்

மலிவான தொகுப்புகள் பல வெளிறிய தோலைக் கருதியே உருவாக்கப்பட்டன. அவற்றின் மிகக் கருமையான பூச்சே தென்னாசியரும் ஆப்பிரிக்கரும் பலரின் தோலைவிட வெளிறியதாக இருப்பதுண்டு. மாக்கல் தூளும் டைட்டானியம் டைஆக்சைடும் மிகுந்த பூச்சு கருநிறத் தோலில் சாம்பல் பூத்தது போலத் தோன்றும். 2017 இல் ஃபென்டி பியூட்டி நிறுவனம் 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் வெளியிட்ட பின்னர், பல நிறுவனங்கள் தங்கள் நிற வரிசையை விரிவாக்கின.

பாதுகாப்பு

மாக்கல்லும் கல்நாரும் நிலத்தில் அருகருகே காணப்படக்கூடியவை. எனவே தூய்மை சோதிக்கப்படாத மாக்கல் தூளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கிளேர்ஸ் நிறுவனத்தின் மூன்று பொருள்களில் கல்நார் இருந்ததாக எச்சரித்தது. அவற்றுள் ஒன்று கான்டூர் தொகுப்பாகும். நிறுவனம் சோதனை முடிவை மறுத்தது. எனினும் பொருள்களை விற்பனையிலிருந்து நீக்கியது. 2024 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மாக்கல்லை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்தியது.

போலிப் பொருள்கள் மற்றொரு இடராகும். 2018 இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை ஏறத்தாழ 7 லட்சம் டாலர் மதிப்புள்ள போலி ஒப்பனைப் பொருள்களைக் கைப்பற்றியது. சோதனையில் அவற்றில் பாக்டீரியாக்களும் மலக்கழிவும் இருந்தமை தெரியவந்தது. குறைந்த விலைப் பொருளும், விலையுயர்ந்த பொருளின் பெயரைத் தாங்கிய போலியும் ஒன்றல்ல. தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி எண், உட்பொருள் பட்டியல் ஆகியவை இல்லாத தொகுப்பைத் தவிர்ப்பது நலம்.

ஒப்பனைப் பொருள்களில் மினுக்கம் தரும் மைக்காவின் ஒரு பகுதி சார்க்கண்டு, பீகார் மாநிலச் சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது. அங்குக் குழந்தைகள் வேலை செய்வது வெளிவந்ததைத் தொடர்ந்து, அதனை ஒழிக்கும் நோக்குடன் 2017 இல் பொறுப்பான மைக்காவுக்கான கூட்டமைப்பு ஒன்றை நிறுவனங்கள் இணைந்து அமைத்தன.

இவற்றையும் பார்க்க

* ஒப்பனை
* அழகுப் பொருள்
* மாக்கல்
* கல்நார்
* காட்சிப் புலனுணர்வு