யூஸ்நெட்

யூஸ்நெட் என்பது, முன்பின் அறியாதவர்கள் கணினி, மிதிவண்டி, சமையல், உடற்பயிற்சி பற்றி ஒருவரையொருவர் யோசனை கேட்டுக்கொண்ட பழைய கணினி வலையமைப்பு. வலைத்தளங்கள் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இது இயங்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-இல் இதைத் திட்டமிட்டனர். அருகிலிருந்த வட கரோலினா பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். 1980-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

இதற்குத் தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. ஒருவர் எழுதியது முதலில் அவருடைய நிறுவனக் கணினியில் சேரும். அது தொலைபேசி வழியே அடுத்த கணினியை அழைத்து, அங்கே இல்லாத மடல்களைக் கொடுக்கும். அது இன்னொன்றை அழைக்கும். கட்டணம் குறைவு என்பதால் பெரும்பாலும் இரவில்தான் இந்த அழைப்புகள் நடந்தன. பதில் வரச் சில நாள்கூட ஆகலாம் என்பதால், கேட்பவர் தம் சிக்கலை விவரமாக எழுத வேண்டியிருந்தது. இந்தத் தாமதம் கேள்விகளின் தரத்துக்கு நல்லதே செய்தது.

மடல்கள் பெருகவே, அவை இடம்பெற்ற விவாதக் குழுக்களை 1987-இல் பெயர் மாற்றித் துறைவாரியாகப் பிரித்தார்கள். கணினிக்கு 'காம்ப்', பொழுதுபோக்குக்கு 'ரெக்' என்று முன்னொட்டுகள் வந்தன. உடற்பயிற்சி, எதிலும் அடங்காதவற்றுக்கான 'மிஸ்க்' பிரிவில் போய்ச் சேர்ந்தது. 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் இயங்குதளத்தில் என்னென்ன வேண்டும் என்று 'காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ்' குழுவில் யோசனை கேட்டார். லினக்ஸ் வெளியுலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

யோசனைப் பரிமாற்றம் எப்படி நடந்தது என்பதற்கு மிதிவண்டிக் குழுக்கள் நல்ல சான்று. மிதிவண்டிச் சக்கரம் பற்றி 1981-இல் நூல் வெளியிட்ட பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் அங்கே ஓயாமல் எழுதினார். வண்டியின் பாரம் மேல் கம்பிகளில் தொங்குகிறது என்பதே பலரின் எண்ணம். அவரோ, எல்லாக் கம்பிகளும் முன்பே முறுக்கி இழுக்கப்பட்டிருப்பதால், பாரம் ஏறும்போது அடியிலுள்ள கம்பிகளின் இழுவிசை குறைவதுதான் பெரிய மாற்றம், ஆகவே சக்கரக் குடம் அடிக்கம்பிகள்மேல் நிற்கிறது என்றார். இதை மறுத்தவர்களுக்கும் அவருக்கும் நடந்த சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர் நயமாகப் பேசுகிறவர் அல்லர். ஆனால் அந்தச் சண்டையைப் படித்தவருக்குச் சக்கரம் பற்றி நன்றாகவே விளங்கியிருக்கும்.

புதியவர்கள் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது பழையவர்களுக்குச் சலிப்பு வந்தது. எனவே 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற தொகுப்பை உருவாக்கிக் குறித்த இடைவெளியில் மறுபடி மறுபடி வெளியிட்டார்கள். விண்வெளி பற்றிய மடற்குழு ஒன்றில் 1980களில் தொடங்கிய இந்த வழக்கத்துக்கு நாசாவின் யூஜின் மியா முன்னோடியாகச் சொல்லப்படுகிறார். இன்று வங்கித் தளம் வரை எங்கும் காணும் அந்தத் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். யூஸ்நெட் விட்டுச்சென்றவற்றில் உருப்படியானது இதுவே என்று சொல்லலாம்.

குறையும் உண்டு. பெரும்பாலான குழுக்களில் சொல்பவரின் தகுதியைச் சரிபார்க்க யாரும் இல்லை. சக்கரம் பற்றிய தவறான யோசனை நாலு தெரு ஓட்டினால் தெரிந்துவிடும்; பளுதூக்குவது பற்றிய தவறான யோசனை முதுகு வலிக்கும்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து சேர்வார்கள்; சில வாரங்களில் ஒழுங்குக்குப் பழகிவிடுவார்கள். 1993 முதல் இணைப்பு வழங்கும் வணிக நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் அலையலையாக நுழைந்தபோது பழக்கிவிட நேரமில்லை. 1994 ஏப்ரலில் அரிசோனாவின் வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கல் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டுப் பெரும் கண்டனத்துக்கு ஆளாயினர். பின்பு வேண்டாத விளம்பரங்களும் திருட்டுக் கோப்புகளும் குவிந்தன. கேட்பவரும் சொல்பவரும் ரெடிட் (2005), ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (2008) போன்ற தளங்களுக்குப் போனார்கள்.

பிறந்த இடமான டியூக் பல்கலைக்கழகம் 2010-இல் தன் யூஸ்நெட் சேவையை நிறுத்தியது. டெஜா நியூஸ் 1995 முதல் சேமித்த மடல்களை 2001-இல் கூகுள் வாங்கியது. 2024 பிப்ரவரியில் கூகுள் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்தியது. பழையவற்றை இன்றும் அங்கே தேடிப் படிக்கலாம்.