உயிர் மீட்கும் பெட்டி



1997 ஆம் ஆண்டில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில், வெள்ளைத் தாளில் செஞ்சிலுவை ஒன்றை வரைந்து கரும்பலகையில் ஒட்டி, “இஃது எதன் அடையாளம்?” என்று கேட்டேன். அந்நாளில் எங்கள் பள்ளியின் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்திற்கு நான் பொறுப்பாசிரியன். முன்வரிசை மாணவன், “ஆஸ்பத்திரி, ஐயா” என்றான். மற்றொருவன், “டாக்டர் கார், ஐயா” என்றான். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, “ஐயா, ஓடிப்போய் அதைத் தொட்டால் இருபத்தைந்து உயிர் ஏறும்” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அவனை உட்காரச் சொன்னேன், அதுவும் கடுமையாகவே. பின்னர், ‘மருத்துவ உதவியின் சின்னம்’ என்று விடையை நானே பலகையில் எழுதிப் போட்டேன்.

பல ஆண்டுகள் கழிந்த பின்னரே எனக்கு இரண்டு செய்திகள் விளங்கின. அந்தப் பையன் குறும்பாகச் சொன்னான் என்று நான் எண்ணியது, ஓர் அமெரிக்க விளையாட்டில் எண் பிசகாத உண்மை என்பது ஒன்று. அன்று சொல்லப்பட்ட நான்கு விடைகளில், என்னுடையது உட்பட, ஒன்றுமே சரியன்று என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எப்படிப் பிணைந்தன என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

கணினித் திரையில் ஆடும் வீரனுக்கு உயிர் என்பது ஓர் எண். நூறு என்று தொடங்கும், அடிபட்டால் குறையும், சுழியானால் ஆட்டம் முடியும். இக்கணக்கு கணினியில் பிறந்ததன்று. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். தாள், பென்சில், பகடை ஆகியவையே அதன் கருவிகள். அதற்கு முந்திய மேசைப் போர் விளையாட்டுகளில், அடிபட்ட வீரன் மாண்டான் என்பதே பெரும்பாலும் விதி. பெயரிட்டு, குணம் கற்பித்து, தானாகவே பாவித்து ஆடிய பாத்திரம் ஓர் அடியில் மடிவதை ஆடுவோர் விரும்பவில்லை. ஆர்னெசன் கடற்போர் விளையாட்டிலிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கினார். இரும்புக் கவசம் பூண்ட கப்பல் ஒரு குண்டில் மூழ்குவதில்லை. இத்தனை குண்டுகளைத் தாங்கும் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. கப்பலுக்கு வகுத்த அந்தக் கணக்கை அவர் மனிதனுக்கு வைத்தார்.

உயிர் எண்ணானவுடன் மருந்தும் எண்ணாயிற்று. கழித்தல் வந்தால் கூட்டலும் வரவேண்டும் அன்றோ! அவ்விளையாட்டிலேயே காயம் ஆற்றும் மருந்துநீர்க் குப்பிகள் இடம் பெற்றுவிட்டன. 1980 அளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களாகிய மைக்கேல் டாய், கிளென் விக்மன் ஆகியோர் ‘ரோக்’ என்னும் கணினி விளையாட்டை உருவாக்கியபோது, இக்குப்பிகளில் ஒரு நுட்பத்தைப் புகுத்தினர். குப்பிகளுக்கு நிறம் உண்டு. ஆனால் எந்த நிறம் எந்த மருந்து என்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறும். இன்று காயத்தை ஆற்றிய நீலநீர் நாளை கண்ணைக் குருடாக்கும். குடித்தே அறிய வேண்டும். நலமாக இருக்கும்போது துணிந்து குடித்துப் பார்த்தவனுக்குச் சாகுந்தறுவாயில் எது மருந்து என்று தெரிந்திருக்கும்; அஞ்சிச் சேர்த்து வைத்தவனுக்குத் தெரியாது. தேர்வுக்கு முதல்நாள் வரை நூலைத் திறவாது வைத்திருந்த மாணவர் பலரை அறிந்தவன் ஆதலால், இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காசு போட்டு ஆடும் கூடங்களில் மருந்துக்கு வேறு வேலை வந்தது. 1985 இல் அட்டாரி நிறுவனம், எட் லாக் என்பவரின் வடிவமைப்பில் ‘காண்ட்லெட்’ என்னும் பொறியை வெளியிட்டது. நால்வர் அருகருகே நின்று ஆடலாம். அதில் பகைவன் அடித்தால்தான் உயிர் குறையும் என்பதில்லை. சும்மா நின்றாலும் விநாடிதோறும் குறைந்துகொண்டே இருக்கும். மீட்க இரண்டு வழிகள். வழியில் கிடக்கும் உணவுத் தட்டை எடுக்கலாம். அல்லது பொறியின் துளையில் இன்னொரு காசு போடலாம். போட்ட காசு அப்படியே உயிராக ஏறும். உணவுத் தட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பசித்த நால்வருக்கு ஒரு தட்டு. அதனை நண்பன் தவறிச் சுட்டுவிட்டால் ஒருவருக்கும் இல்லை. யாருக்கு உணவு தேவை என்பதைப் பொறியே வாய்விட்டுக் கூறும். கூடத்தின் உரிமையாளர் அக்குரலைக் கேட்டு மகிழ்ந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. கருணைபோல் தோன்றும் ஒரு தட்டுச் சோற்றின் பின்னால் கணக்கர் ஒருவர் அமர்ந்திருப்பதை இப்பொறி மறைக்கவில்லை. அந்த அளவில் அது நேர்மையானது என்பேன்.

ஜப்பானியர் வீட்டில் அமர்ந்து ஆடும் விளையாட்டுகளை வளர்த்தனர். அங்கே காசுத் துளை இல்லாமையால் மருந்து, கதையின் பகுதியாயிற்று. 1986 இல் வந்த ‘செல்டா’ விளையாட்டில், முதியவர் ஒருவர் தரும் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் குகையிலிருக்கும் மூதாட்டி மருந்து விற்பாள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து தராத கடைக்காரர் எல்லாரும் அவளை மெச்சுவர். 1996 இல் வந்த ‘ரெசிடெண்ட் ஈவில்’ விளையாட்டில் பச்சை மூலிகை காயம் ஆற்றும். சிவப்பு மூலிகை தனியே ஒன்றுக்கும் உதவாது. இரண்டையும் சேர்த்தால் முழு நலம் கிடைக்கும். மருந்தை அனுபானத்தோடு கொடுக்கும் நம் வைத்தியர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனிக் கடைசி வரிசை மாணவனிடம் வருவோம். டெக்சாஸ் மாநிலத்து ‘இட் சாஃப்ட்வேர்’ நிறுவனம் 1992 இல் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ என்னும் சுடும் விளையாட்டை வெளியிட்டது. அதில் நாய்க்கு வைத்த உணவை உண்டால் 4, சாப்பாட்டுத் தட்டுக்கு 10, முதலுதவிப் பெட்டிக்கு 25 என்று உயிர் ஏறும். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டில் உணவு மறைந்தது. வெள்ளைப் பெட்டியும் அதன்மேல் செஞ்சிலுவையும் நின்றன. சிறியதற்கு 10, பெரியதற்கு 25. பையன் சொன்ன எண் இதுதான்.

உணவு ஏன் போயிற்று, சிலுவை ஏன் நின்றது? காரணத்தை ஊகிப்பது அரிதன்று. டூம் மிக வேகமான ஆட்டம். இருளில், புகையில், நாற்புறமும் பகைவர் சூழ ஓடுகிறவன் தட்டில் இருப்பது கோழியா, ரொட்டியா என்று ஆராய்ந்து நிற்க முடியாது. ஓரக்கண்ணால் பார்த்தாலே தெரியவேண்டும். வெண்மைமேல் செம்மையாக, இரண்டே கோடுகளாக அமைந்த ஓர் உருவம் தொலைவிலிருந்தும் தெரியும்.

நண்பர்களே, இதே காரணத்திற்காகத்தான் அச்சின்னம் முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1859 ஜூன் 24 அன்று, வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னும் ஊரருகே, ஆஸ்திரியப் படையோடு பிரெஞ்சுப் படையும் சார்டினியப் படையும் பொருதன. ஒரே நாளில் மாண்டவரும் காயமுற்றவருமாகச் சுமார் 40,000 பேர். தம் வணிகக் காரியமாக அவ்வழி வந்த ஜெனீவா நகரத்து ஹென்றி டூனாண்ட், காயமுற்றோர் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். காஸ்டிலியோனே ஊர்ப் பெண்கள், இன்ன படையினர் என்று பாராமல் எல்லாருக்கும் தண்ணீர் தந்து கட்டுப் போட்டனர். அவரும் அப்பணியில் சேர்ந்தார். 1862 இல் தாம் கண்டதை நூலாக எழுதினார். 1864 ஆகஸ்டு 22 இல் 12 நாடுகள் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதுவரை ஒவ்வொரு நாட்டுப் படையும் தன் மருத்துவக் கூடாரத்தின்மேல் தனக்கென ஒரு கொடியைப் பறக்கவிட்டது. பகைவனுக்கு அதன் பொருள் தெரிந்திராது. இனி எல்லாருக்கும் ஒரே சின்னம் என்று ஏற்பட்டது. சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி வைத்ததே அச்செஞ்சிலுவை. செம்பிறையும் 2005 இல் வந்த செம்படிகமும் பின்னர் அதே உரிமை பெற்றன.

ஆகவே, செஞ்சிலுவையின் பொருள் ‘இங்கே மருந்து இருக்கிறது’ என்பதன்று. ‘இங்கே சுடாதே’ என்பது. அதை அணிந்தவன் எந்தப் பக்கமும் சேராதவனாக, இரு பக்கத்துக் காயமும் ஆற்றுவான். ஆகவே அவனைத் தொடலாகாது என்பது ஒப்பந்தம். விளையாட்டிலோ, அப்பெட்டி சுடுகிறவனுக்கு மீண்டும் சுட வலிமை தரும் பண்டம். சின்னம் அதுவே, பொருள் ஏறத்தாழ நேர்மாறு.

2006 இல் கனடா நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம், வீடியோ விளையாட்டுகளில் இச்சின்னத்தைப் பயன்படுத்துவதை ஆட்சேபித்துக் கடிதம் எழுதியது. 2017 இல் மற்றொரு செய்தி வந்தது. சிறைச்சாலை ஒன்றைக் கட்டி நடத்தும் ‘பிரிசன் ஆர்க்கிடெக்ட்’ என்ற விளையாட்டில், ஆம்புலன்ஸின் மேல் சில புள்ளிகளே அகலமுள்ள சிறு சிலுவை இருந்தது. பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் அதைக் கண்டு எழுத, அந்நிறுவனத்தார் அதைப் பச்சையாக்கினர். டூம் விளையாட்டின் பிற்பதிப்பு ஒன்றிலும் சிலுவையின் இடத்தில் மாத்திரை வடிவம் வந்தது.

இதைக் கேட்டு நகைத்தவர் பலர். போலிப் பெட்டியின்மேல் உள்ள சிறு கோட்டைப் பார்த்து எந்தப் படைவீரன் உண்மை மருத்துவமனையைச் சுடப் போகிறான் என்று கேட்டனர். முதலில் எனக்கும் அவ்வாறே தோன்றியது. பின்னர் ஒரு தேதி என் மனத்தை உறுத்தியது. 1996 டிசம்பர் 17 அன்று இரவில், செச்னியாவில் நோவியே அதாகி என்னும் ஊரில் இருந்த செஞ்சிலுவை மருத்துவமனைக்குள் ஆயுதம் தாங்கியோர் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த பணியாளர் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றனர். அவர்கள் எந்த விளையாட்டையும் ஆடிவிட்டு வந்தவரல்லர்; அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அந்த மருத்துவமனைக்குச் சுவரும் காவலும் சின்னம் ஒன்றே. அதைக் கண்டவன் கை தாழ்த்துவான் என்னும் நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் இல்லை. அடுத்த சில திங்களில்தான் நான் வகுப்பில் அப்படத்தை ஒட்டி, ‘மருத்துவ உதவியின் சின்னம்’ என்று எழுதிப் போட்டேன்.

இந்தியாவிலும் 1960 ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி மைய அரசின் இசைவின்றி இச்சின்னத்தைப் பயன்படுத்தலாகாது. மீறினால் அபராதம் உண்டு. மருத்துவர்களின் கார்களில் அதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். முதலுதவிக்கு உரிய குறி பச்சைமேல் வெள்ளைச் சிலுவை.

விளையாட்டுப் பெட்டியின் கதை இதோடு முடியவில்லை. கடிதங்கள் அதன் சின்னத்தை மாற்றின. ஆனால் பல சுடும் விளையாட்டுகளிலிருந்து பெட்டியையே நீக்கியது வடிவமைப்பாளரின் வேறொரு எண்ணம். 2001 இல் வந்த ‘ஹேலோ’ விளையாட்டில், சற்றே ஒதுங்கி நின்றால் வீரனின் கவசம் தானே நிரம்பும். 2005 இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி 2’ விளையாட்டில் உடல்நலமே அவ்வாறு திரும்பிற்று. மருந்தின் இடத்தில் ஒரு சுவரும் சில விநாடிகளும் போதும் என்றாயின. இது எனக்கு உவப்பானதன்று; தேடுதலும் சேமித்தலும் பகிர்தலும் போய்விட்டன. 2017 இல் வந்த ‘பப்ஜி’ மருந்தை மீட்டுக்கொண்டு வந்தது. அதன் கைப்பேசி வடிவம் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்படும் வரை, நம் ஊர்த் திண்ணைகளில் அதை ஆடாத பிள்ளைகள் குறைவு. அதில் கட்டுப்போடச் சில விநாடிகள் ஆகும். அந்நேரத்தில் சுட முடியாது. தோழன் ஒருவன் வீழ்ந்தால், பக்கத்தில் அமர்ந்து அவனை எழுப்பலாம். எழுப்புகிறவனைப் பகைவன் சுடலாம். சுடவும் செய்கிறான்.

பணி ஓய்வுக்குப் பின், என் பேரன் தன் கணினியில் பழைய டூம் விளையாட்டை எனக்கு ஆடிக் காட்டினான். பெட்டியைத் தொட்டான், எண் ஏறியது. “இருபத்தைந்துதானே?” என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும், தாத்தா?” என்றான்.

அந்தக் கடைசி வரிசை மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியனான ஆண்டில், அலுவலக அறையிலிருந்த முதலுதவிப் பெட்டிக்கு வெள்ளை பூசி, நடுவில் செஞ்சிலுவை வரையச் செய்தவன் நானே. பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் சட்டத்தை அறிந்து திரும்பிய பின், ஒரு சனிக்கிழமை அப்பெட்டியை மரத்தடியில் வைத்து நானே பச்சை பூசினேன். முதற்பூச்சு உலர்ந்ததும் சிவப்பு உள்ளிருந்து தெரிந்தது. இரண்டாவது பூச்சிலும் சற்றே தெரிந்தது. மூன்றாவது பூச்சுக்குப் பிறகுதான் வெள்ளைச் சிலுவையை வரைய முடிந்தது.