பேராயர் வில்சனும் பகை மறத்தலும்

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் அருகே, 1894ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற தூய மேரி பேராலயம் நிற்கின்றது. இன்று அது மேற்கு மலேசிய ஆங்கிலிக்கத் திருமண்டலத்தின் தலைமைக் கோயில். 1970ஆம் ஆண்டுக்கு முன்னரோ, அக்கோயிலாரும் கிள்ளான் முதலிய ஊர்களின் ஆங்கிலிக்க மக்களும் சிங்கப்பூரில் வீற்றிருந்த பேராயருக்கே உட்பட்டிருந்தனர். அவ்விருக்கையில் 1941 முதல் 1949 வரை அமர்ந்தவர் ஜான் லெனார்ட் வில்சன் என்னும் ஆங்கிலேயர். தீங்கிழைத்தாரிடம் கிறிஸ்தவன் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அவர் வாழ்வே ஒரு விடையாகும்.

1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் கைப்பட்டது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ஆங்கிலேயர் அனைவரும் அடைபட்ட காலத்திலும் வில்சன் ஓராண்டளவு வெளியில் நின்று திருப்பணி ஆற்ற முடிந்தது. அதற்குத் துணை நின்றவர் ஒகாவா என்னும் சப்பானிய அதிகாரி. அவரும் ஆங்கிலிக்கக் கிறிஸ்தவரே. பகைவர் படையிலும் உடன்பிறப்பனைய ஒருவர் இருந்தார் என்பது இவ்வரலாற்றில் மறத்தற்கரிய செய்தி. 1943ஆம் ஆண்டில் வில்சனும் சாங்கிச் சிறை புகுந்தார். திருச்சபைப் பணி ஆசியக் குருமார் கைக்கு வந்தது. அவர்களுள் டி. டி. செல்லையா என்னும் தமிழரும் ஒருவர்.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், நேச நாட்டுப் படையினர் சிலர் சிறு தோணிகளில் வந்து, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெடி வைத்து மீண்டனர். சாங்கியில் அடைபட்டிருந்தாரே உளவு கூறினர் எனச் சப்பானிய இராணுவப் போலீசாகிய கெம்பித்தாய் ஐயுற்றது. உண்மையில் சிறையிலிருந்தார்க்கும் அத்தாக்குதலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய சோதனையில் 57 பேர் பிடிபட்டனர். 15 பேர் மாண்டனர். வில்சன் 17ஆம் நாள் கொண்டு செல்லப்பட்டார். மேசையிற் பிணித்து, முறுக்கிய கயிறுகளால் அடித்தனர். மாதங்கள் பல சென்று, 1944 மே மாதத்திலேதான் அவர் சாங்கிக்குத் திரும்பினார்.

அந்நாள்களில் தம் நெஞ்சில் நிகழ்ந்ததை அவர் 1946 அக்டோபரில் பி.பி.சி. வானொலியில் ஆற்றிய அருளுரையில் எடுத்துரைத்தார். அடிப்போரின் கொடிய முகங்களைக் கண்டபோது, சிலுவையில் இயேசு தம்மைக் கொன்றாரை மன்னிக்குமாறு வேண்டியதை நினைத்தார். ஆயினும் அதனை முணுமுணுத்தபோது, உண்மையாகவே கருதித்தான் சொல்கின்றோமா எனத் தாம் ஐயுற்றதை அவர் மறைத்தாரல்லர். பின்னர் அவ்வீரர்கள் ஒரு காலத்தில் தாய் தந்தையரின் அன்பில் விளையாடிய சிறுவர்களாய் இருந்ததை மனத்திற் கண்டார். சிறுவரை வெறுத்தல் அரிது அன்றோ! அதன் மேலும் ஒருபடி சென்று, திருந்தினால் அவர்கள் எத்தகையோர் ஆவர் என்பதையும் எண்ணிப் பார்த்தார். அப்பொழுதே மன்னிப்பு எளிதாயிற்று.

போர் முடிந்தது. தம்மை வதைத்தாருள் ஒருவர் கிறிஸ்தவராகித் திடப்படுத்தல் பெற வந்தார். அச்சடங்கில் பேராயர் ஒவ்வொருவர் தலைமீதும் கை வைத்து வேண்டுதல் முறை. அடியுண்ட பேராயரின் கை அடித்தவரின் தலைமேல் ஆசியாக அமர்ந்தது.

இதனால் குற்றம் குற்றமல்லவாய்ப் போயிற்றா? இல்லை. 1946ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் கெம்பித்தாயைச் சார்ந்த 21 பேர் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். எண்மர்க்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது, எழுவர் விடுதலையாயினர். நெஞ்சின் பகையை நீக்குவது ஒருவன் கடமை. கொலைக்கு நீதி தேடுவது நாட்டின் கடமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் பிழை.

மற்றொன்றும் கருதத்தக்கது. சிலாங்கூர் உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அவர்கள் மடிந்தனர். வில்சன் துன்புற்ற அதே 1943 அக்டோபரில் அப்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. கணவனை இழந்த தோட்டத்துத் தாய்க்காக எந்தப் பேராயரும் மன்னிப்பு வழங்க இயலாது. தனக்கிழைத்த தீங்கையே ஒருவன் மன்னிக்கலாம். பிறர்க்கிழைத்ததை மன்னிக்க அவனுக்கு உரிமை இல்லை. வில்சன் மன்னித்தது தம் உடம்பில் விழுந்த அடிகளையே. அவ்வெல்லையாற் சிறுமை ஒன்றும் இல்லை. பட்டவரே மன்னிப்பதாலன்றோ அது மதிப்புப் பெறுகின்றது!

தமிழர்க்கு இவ்வறம் புதிதன்று. 'பொறையுடைமை' எனவும் 'இன்னா செய்யாமை' எனவும் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். மலைப்பொழிவில் இயேசு பகைவரையும் நேசிக்கப் பணித்தார். இரு நூல்களும் வழி காட்டின. அவ்வழியில் நடத்தல் எத்துணைக் கடினம் என்பதையும், நடக்க முடியும் என்பதையும் வில்சனின் வரலாறு காட்டுகின்றது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஞாயிறுதோறும் கோயில் செல்லும் தமிழ்க் கிறிஸ்தவர்க்கும், செல்லாத அண்டை வீட்டார்க்கும் அவ்வரலாறு பொதுச் சொத்து.