நியூயார்க் குடியேறிகளின் சிறுகதைகள்

ரஷ்யப் பேரரசிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்து, நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழை யூதர்களை, வாழ்வை உள்ளபடி காட்டும் நடப்பியல் நெறியில் சித்திரித்த ஆங்கிலக் கதைகள் 1890களில் உருப்பெற்றன. இவற்றின் களம் பெரும்பாலும் ‘டெனமென்ட்’ என்னும், காற்றும் வெளிச்சமும் எட்டாத சிற்றறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடப்பட்ட பல மாடிக் கட்டடமாகும்.

செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் 1890இல் ஒளிப்படங்களுடன் வெளியிட்ட நூலும், ஸ்டீபன் கிரேன் 1893இல் தம் செலவில் அச்சிட்ட ‘மேகி’ குறுநாவலும் இக்குடியிருப்புகளின் அவலத்தை வாசகர் முன் வைத்தன. எனினும் அவை வெளியிலிருந்து வந்தவர் கண்ட காட்சிகளே.

அங்கு வாழ்வோரின் மனத்தை உள்ளிருந்து எழுதியவர், ரஷ்யப் பேரரசின் வில்னா நகர் அருகே 1860இல் பிறந்து 1882இல் அமெரிக்கா வந்த ஏபிரகாம் கஹான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதிய இதழாளரான அவர், நாவலாசிரியர் வில்லியம் டீன் ஹோவெல்ஸின் ஊக்கத்தால் 1896இல் ‘யெக்ல்’ குறுநாவலையும் 1898இல் ஒரு கதைத் தொகுதியையும் வெளியிட்டார். அத்தொகுதியிலுள்ள ‘கெட்டோ திருமணம்’ கதையில், வீட்டுச் சாமான்கள் பரிசாக வந்துசேரும் என்று நம்பி ஓர் இணை கையிருப்பையெல்லாம் கொட்டிக் கல்யாணம் செய்ய, வேலையிழந்து நிற்கும் சுற்றத்தார் வர இயலாமற்போகின்றனர். வறியோரைக் குற்றவாளிகளாகவோ இரங்கத்தக்க பொம்மைகளாகவோ காட்டாமல், கணக்குப் போட்டு ஏமாறும் மனிதர்களாக அவர் காட்டியது பெரிய முன்னேற்றம்.

அடுத்த தலைமுறையில் அன்சியா யெஜியெர்ஸ்கா பெண்களின் குரலைச் சேர்த்தார். அவரது ‘ஹங்ரி ஹார்ட்ஸ்’ தொகுதி (1920) ஹாலிவுட்டில் 1922இல் திரைப்படமாயிற்று. அத்தொகுதியிலுள்ள ஒரு கதையில், சலவைத் தொழிலாளியான தாய், படையிலிருந்து திரும்பும் மகனுக்காகத் தன் சமையலறைக்கு வெள்ளை வண்ணம் பூசுகிறாள். அழகு கூடிய வீட்டுக்கு வாடகையையும் கூட்டுகிறார் உரிமையாளர். கட்ட முடியாமல் நீதிமன்றம் வரை சென்று தோற்ற அவள், தானே அழகுசெய்த சுவரைத் தானே சிதைக்கிறாள். வறுமையைவிட, அழகுக்கு ஆசைப்பட்டதற்கே தண்டம் கட்ட நேரும் கொடுமையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை இவ்வகையில் அரிது.

1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கிழக்கு, தெற்கு ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாகக் குறைத்தது. அதன்பின் மைக்கேல் கோல்டு 1930இல் வெளியிட்ட ‘ஜூஸ் விதவுட் மணி’ நாவல், லோயர் ஈஸ்ட் சைடு சேரிகளில் கழிந்த பிள்ளைப் பருவத்தை நினைவிலிருந்து மீட்டது. மறக்கப்பட்டிருந்த யெஜியெர்ஸ்காவின் நூல்கள், அவர் 1970இல் இறந்தபின், பெண்ணிய ஆய்வாளர்களின் முயற்சியால் மறுபதிப்புக் கண்டன. கஹானின் ‘யெக்ல்’ கதை 1975இல் ‘ஹெஸ்டர் ஸ்ட்ரீட்’ என்னும் படமாக வெளிவந்தது.