அஸ்காவை விட்ட கதை

ஆடி முதல் தேதியிலிருந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று ஹாஸ்டல் நண்பர்கள் மூன்று பேரிடம் பந்தயம் கட்டினேன். முதல் நாளே வீட்டில் டீயில் வெல்லத்தைப் போட்டேன். பால் திரிந்துவிட்டது. "அடுப்ப அணைச்சு எறக்கி வெச்சப்பறம் போடோணும் சாமி. அஸ்கான்னு நெனச்சியா?" என்று அம்மா சிரித்தார்.

அந்த 'அஸ்கா'வில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்றும் வெள்ளைச் சர்க்கரையை அப்படித்தான் சொல்வார்கள். அஸ்கா என்பது உண்மையில் ஓர் ஊரின் பெயர். இன்று ஒடிசாவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓடிய ஆலையின் சரக்கு நம் பக்கம் வந்து, ஊர்ப்பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. தென்மாவட்டங்களில் சொல்லும் 'சீனி' சீனாவை நினைவுபடுத்துவது. 'சர்க்கரை' மட்டும்தான் இந்த நாட்டுச் சொல். வடமொழி 'சர்க்கரா' அரபு வழியாகப் போய்த்தான் ஆங்கிலத்தில் 'சுகர்' ஆனது.

கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்கிறார் ஔவையார், புறநானூற்றில். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. ஆக, பழி எங்கள் வட்டாரத்தின் மேல்தான் :)

சர்க்கரையை விடுவது ஏதோ இந்தக் காலத்து ஃபேஷன் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். இல்லை நண்பர்களே, அதற்கு இருநூறு வருடத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. 1791ல் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் தீர்மானம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் தோற்றது. அதே வருடம் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அதில் ஒரு கணக்கு வரும். வாரம் 5 பவுண்டு சர்க்கரை வாங்கும் ஒரு குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாமாம். பி.காம். படிக்கிற எனக்கு இதைப் படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் எங்களுக்கு யாரும் இப்படி ஒரு கணக்கு சொல்லித் தரவில்லை! மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை மூன்று லட்சம் பேர் வரை விட்டதாக அக்காலத்து மதிப்பீடு. பிற்பாடு 1820களில், 'அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை' என்று எழுதிய கிண்ணங்கள்கூட விற்பனைக்கு வந்தன. அதாவது நம் இந்தியச் சர்க்கரை.

ஆனால் அந்தக் கணக்கு அத்தோடு முடியவில்லை. 1833ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை. யாரைப் பிடித்தார்கள்? நம் ஆட்களைத்தான். மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜி என்று ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். 1860ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்கள் கரும்புக்காகவே போனவர்கள். லண்டன்காரர்கள் நிம்மதியாக டீ குடிக்க ஆரம்பித்தபோது, அந்தச் சர்க்கரைக்குப் பின்னால் கரும்பு வெட்டியது நம் தமிழனும்தான்.

இங்கே இந்தப் பிரச்சினையைப் பேசியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜே.சி.குமரப்பா. காரணம் சுயநலம், அவரும் காமர்ஸ்காரர்! 1892ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். அமெரிக்காவில் மேற்படிப்பு. பிறகு கோட்டு சூட்டைக் கழற்றிவிட்டு, 1934ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர் ஆனார். தீட்டிய அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி, ஆலைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்பது அந்தச் சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. அப்போதுதான் 1932ன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தால் ஜாவா சர்க்கரைக்குத் தடுப்புச் சுவர் எழும்பி, நாட்டில் முப்பத்துச் சொச்சமாக இருந்த ஆலைகள் சில வருடங்களில் 130ஐத் தாண்டின. குமரப்பா பனைவெல்லத்தையே அதிகம் சொன்னார். பனை தானாக வளரும், கரும்பு நிலத்தில் நெல் விளையட்டும் என்பது அவர் கணக்கு. உடம்புக்கு வெல்லம் ரொம்ப நல்லது என்று அவர்கள் சொன்னதை இன்று அப்படியே ஏற்க முடியாது, வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ஆனால் காசு யார் கைக்குப் போகிறது என்ற அவர் கேள்விக்கு இன்னும் வயசாகவில்லை.

அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஜேடர்பாளையத்தில் காவிரித் தடுப்பணை இருக்கிறது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாகச் சொல்லப்படும் ராஜவாய்க்கால் இங்கிருந்துதான் பிரிகிறது. அந்தத் தண்ணீரால்தான் கரும்பு. கரும்பு மோகனூர் கூட்டுறவு ஆலைக்குப் போகும், இல்லையென்றால் வெல்ல ஆலைக்கு. வெல்லம் 30 கிலோ சிப்பமாகக் கட்டி, பிலிக்கல்பாளையம் மண்டியில் ஏலம் போகும்.

சொந்தத்தில் ஒரு மாமாவுக்கு ஆலைக்கொட்டகை உண்டு. பந்தயத்தின் பத்தாம் நாள் அங்கே போனேன். கொப்பரையில் பாகு கொதிக்கிறது, சக்கை எரிகிறது, வாசனைக்கே வயிறு நிறைந்தது. ஓரத்தில் பார்த்தால் வெள்ளைச் சாக்கு மூட்டைகள்... அஸ்கா!

"இது எதுக்குங்க மாமா?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். நூறு கிலோ கரும்புக்கு ஏறக்குறைய பத்து கிலோ வெல்லம்தான். கரும்பு விலை, வெட்டுக்கூலி, ஆள்கூலி எல்லாம் அதிலிருந்தே வரவேண்டும். அஸ்கா விலை வெல்லத்தை விட இறங்கும்போது ரெண்டு மூட்டையைப் பாகில் கொட்டினால் எடையும் கூடும், நிறமும் வரும், அச்சும் உடையாது. "கருப்பா இருந்தா மண்டியில ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான் மாப்ள. மஞ்சளா வேணும்னு கேக்கறது நீங்கதான?"

நாமக்கல், சேலம் மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டு இப்படிப்பட்ட மூட்டைகளைப் பறிமுதல் செய்யும் செய்திகளைப் பேப்பரில் நிறையத் தடவை படித்திருக்கிறேன். படிக்கும்போது 'திருட்டுப் பசங்க' என்று திட்டியும் இருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் அது சரி என்றும் சொல்ல முடியவில்லை. பத்து நாளாக நான் டீயில் போட்டுக் குடித்தது அந்த மஞ்சள் அச்சுதான்.

பந்தயத்தில் தோற்றுவிட்டதாக நண்பர்களுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவர்களுக்கு ஒரே குஷி.

மறுவாரம் மாமா ஒரு கொப்பரை தனியாகக் காய்ச்சினார். சுண்ணாம்பு மட்டும் போட்டது, வேறு எதுவும் இல்லை. கருஞ்சிவப்பாக, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஐந்து கிலோ எடுத்துக்கொண்டேன், மண்டி விலையை விடக் கூடுதலாகவே காசு கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார், அப்புறம் எண்ணிப் பார்த்துத்தான் பையில் போட்டார். புதுசாக முதல் நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன். இன்று 31ஆம் நாள். மீதி வெல்லத்தை யார் வாங்குவார்கள் என்று மாமா கேட்டார். ஹாஸ்டலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், இதுவரை ஒருவன் மட்டும் ஒரு கிலோ கேட்டிருக்கிறான்.