பாதிப் பேருக்குத் தானாகச் சரியாகிவிடுமா? வடசென்னைக் குழந்தைகளின் உறக்கத் திணறலும் 2013 ஆய்வும்

டான்சிலும் அடினாய்டும் பெருத்துக் குறட்டை விடும் குழந்தையை அறுவை சிகிச்சைக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம், ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்ற வாசிப்பு குழந்தைநல ஆய்வுலகில் வேர்விட்டிருக்கிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த வாசிப்பின் ஆதாரம், 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான அமெரிக்க ஆய்வு. 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு அறுவை, மறு பிரிவுக்குக் காத்திருப்பு. ஏழு மாதம் கழித்து, உறங்கும்போது மூச்சை அளக்கும் கருவிப் பதிவு இயல்புக்குத் திரும்பியது முறையே 79, 46 விழுக்காட்டினருக்கு. மேற்கோள் காட்டுவோர் இந்த 46ஐப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே ஆய்வின் காத்திருப்புப் பிரிவை 2015இல் செஸ்ட் இதழில் வந்த பகுப்பாய்வு மறுபடி அலசியது. 194 பேரில் 82 பேருக்கு, அதாவது 42 விழுக்காட்டினருக்கு, கருவிப் பதிவு சீரானது. ஆனால் தொடக்கத்தில் அறிகுறிகள் மிகுந்திருந்த 167 பேரில் அவை நீங்கியது 25 பேருக்குத்தான். வெறும் 15 விழுக்காடு. பதிவுத்தாளில் குணமான பல பிள்ளைகள் வீட்டில் குணமாகவில்லை.

இன்னொன்று, சேர்க்கை விதி. உறக்க நேரத்தில் 2 விழுக்காடோ அதற்கு மேலோ ஆக்சிஜன் செறிவு 90க்குக் கீழே இறங்கிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. எல்லோரையும் அளந்து, கடுமையானவர்களை விலக்கி, மீதிப் பேரில் ஒரு பிரிவைத்தான் காக்க வைத்தார்கள். திருவொற்றியூரில் "வாயைப் பொளந்துக்கிட்டே தூங்குறான் டாக்டர்" என்று வரும் தாயிடம், எதையும் அளக்காமல் "வளர வளரச் சரியாயிடும்" என்றால், அதற்கு இந்த ஆய்வு பொறுப்பேற்காது. மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள், விரைவுச்சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள் எனக் காற்றைக் குற்றம் சொல்லத் தோன்றலாம். காற்றைச் சாட்சிக்கு இழுக்காமலேயே வாதம் நிற்கிறது.

தாயின் சொல்லை மட்டும் வைத்துச் சாதாரணக் குறட்டையையும் உறக்கத்தில் வரும் மூச்சுத்தடையையும் பிரிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே பாய் விரிப்பவள், நெஞ்சுக்கூடு உள்ளிழுத்துக்கொள்வதையும், சத்தம் அற்றுப்போவதையும், பிறகு திணறி விழிப்பதையும் நேரில் பார்க்கிறாள். தனியறையில் பிள்ளையைத் தூங்கவிடும் பெற்றோரின் சாட்சியமும் இதுவும் ஒன்றல்ல. அவள் கைப்பேசியில் எடுக்கும் காணொளி எதை முதலில் அளப்பது என்று சொல்லும். அளக்க, இரவு முழுதும் ஆக்சிஜன் செறிவைப் பதிவு செய்யும் ஆக்சிமீட்டர் போதுமான தொடக்கம். 349 குழந்தைகளைக் கொண்ட மாண்ட்ரியல் ஆய்வில் (2000), ஆக்சிமீட்டர் பதிவு நோயைக் காட்டியபோது 97 விழுக்காடு சரியாக இருந்தது. பதிவு சாதாரணமாக இருந்தால் நோயில்லை என்று பொருளில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப், இரவுப் பதிவைச் சேமிக்காவிட்டால் இதற்கு உதவாது.

2013 ஆய்வின் கவனத்திறன் சோதனையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லையே என்ற ஆட்சேபம் எழும். நடத்தையும் வாழ்க்கைத்தரமும் அறுவைப் பிரிவில் கூடுதலாக மேம்பட்டன; அதுவே போதும்.

ஆகவே செறிவு திரும்பத் திரும்பச் சரியும் குழந்தையை ஸ்டான்லி போன்ற மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவு வரிசையில் முன்னே நிறுத்த வேண்டும். மற்றவர்கள் காத்திருக்கலாம், மறுபரிசோதனைத் தேதி சீட்டில் எழுதப்பட்டிருந்தால்.